சொல்லாமல் மாற்றிய இரண்டு வயர்கள்

முதலில் மன்னிக்க வேண்டும். என் எழுத்து, கல்லல் ஸ்டேஷனில் ரயில் கிளம்பும்போது ஓடுகிறவர்களைப் போல ஒன்றன்மேல் ஒன்று இடித்துக்கொண்டு நிற்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எந்த இடத்தில் எந்த ‘ன’ வரும் என்பது இன்றுவரை எனக்குக் குத்துமதிப்புதான். பிழைகளைத் திருத்தித் தருவதாகப் பட்டறைக்காரர் பாயின் வீட்டம்மா சொல்லியிருக்கிறார்கள். திருத்துங்கள், ஆனால் எதைத் திருத்தினீர்கள் என்று என்னிடம் சொல்லிவிட்டுத் திருத்துங்கள் என்று கேட்டிருக்கிறேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்பது படித்தால் தெரியும்.

பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் இதை நேரில் சொல்லியிருக்கலாம். இரண்டு முறை சொல்லப் பார்த்தேன். நீங்கள் நாலு பேரும் ஒன்றாக நிமிர்ந்து பார்த்தீர்கள். “டீ குடிச்சாச்சா?” என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். கண்ணாடி போட்டும் ரிவெட் ஆணியின் தலை இரண்டாகத் தெரிவதால் ஐம்பத்தாறு வயதில் வேலையை விடுகிறேன். போவதற்கு முன்னால் எழுதியாவது வைக்க வேண்டும் அல்லவா?

ரிவெட் எப்படி அடிப்பது, தகரம் எப்படி மடிப்பது என்பதெல்லாம் விமானப் பாகங்களோடு பெட்டியில் வந்த புத்தகத்தில் படம் போட்டு இருக்கிறது. நான் புத்தகத்தில் இல்லாததை மட்டும் சொல்கிறேன்.

நான் இருபத்தெட்டு வருடம் புதுவயலில் ஓர் அரிசி மில்லில் ஃபிட்டராக இருந்தவன். பாய் வளைகுடா நாட்டில் பெரிய விமானங்களுக்குப் பராமரிப்பு வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். திரும்பி வருகிறவர்கள் வழக்கமாக வீடு கட்டுவார்கள். இவர் மூன்று மரப்பெட்டிகளை வரவழைத்து, அமராவதிபுதூர்ப் பக்கம் மூடிக் கிடந்த ஒரு குடோனில் இறக்கினார். பெட்டிகளுக்குள் இரண்டு பேர் உட்காரும் விமானம் ஒன்று துண்டு துண்டாக இருந்தது. பிறகு எங்கள் மில்லுக்கு வந்து, தகரம் வெட்டத் தெரிந்த, வாய் பேசாத ஆள் ஒருவர் வேண்டும் என்று கேட்டார். மொத்த மில்லும் என்னைக் கைகாட்டியது.

“ஏரோப்பிளேன் செய்யப் போறேன். வாரீகளா செல்லையா?”

“பறக்குமா பாய்?”

“நம்ம ரெண்டு பேரும் ஒழுங்காச் செஞ்சாப் பறக்கும்.”

நான் வாய் பேசாத ஆள் என்பதால் வேறு எதுவும் கேட்கவில்லை.

முதல் வாரம் நடந்ததைச் சொல்கிறேன். இறக்கைத் தகரம் ஒன்றில் லேசாக ஒரு நெளிவு. மில்லில் செய்வது போலச் சுத்தியலை எடுத்து ரெண்டு போடு போட்டேன். நெளிவு போய்விட்டது. பக்கத்தில் புதிதாக மூன்று நெளிவு வந்தது. பாய் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் என் சுத்தியலைக் காணோம். நானும் கேட்கவில்லை. ஒரு மாதம் கழித்து அவர் வீட்டுக்குப் போனபோது, அவர் மனைவி அந்தச் சுத்தியலால் இஞ்சி தட்டிக்கொண்டிருந்தார்கள். நான் தேநீரைக் குடித்துவிட்டு, இஞ்சி மணமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இப்படித்தான் நாங்கள் இரண்டு பேரும் வேலை செய்தோம். ஒரு சுடுசொல் கிடையாது. பார்த்தவர்கள் எல்லாம் புகழ்ந்தார்கள். அவர்கள் புகழ்ந்த அந்த மரியாதைதான் ஓர் ஆளைக் கொல்லப் பார்த்தது.

கதைக்கு வருகிறேன். டிரிம் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். இந்த நோட்டை வேறு யாராவது எடுத்தால் அவர்களுக்கும் புரியட்டும் என்று சொல்கிறேன். விமானத்தின் வாலில் மேலும் கீழும் ஆடுகிற அகலமான பலகை இருக்கிறது. அதற்குப் பெயர் எலிவேட்டர். ஓட்டுகிறவர் கைப்பிடியைத் தன் பக்கம் இழுத்தால் அது மேலே போகும், விமானத்தின் மூக்கும் மேலே ஏறும். கைப்பிடியைத் தள்ளினால் அது கீழே போகும், மூக்கு இறங்கும். ஆனால் மூக்கை நேராக வைத்திருக்க வழி முழுதும் இழுத்துப் பிடித்துக்கொண்டே இருந்தால் கை செத்துப்போகும். அதற்காக எலிவேட்டரின் பின்விளிம்பில் முழ நீளத்துக்கு இன்னொரு சின்னப் பலகை வைக்கிறோம். ஒரு குட்டி மோட்டார் அதை அசைக்கும். கைப்பிடியின் தலையில் அதற்கு இரண்டு பட்டன்கள். இதுதான் டிரிம். கைவலிக்கு மருந்து என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குட்டி மோட்டாருக்கு இரண்டு வயர்கள். இரண்டும் வெள்ளை. எதை எதில் கொடுத்தாலும் மோட்டார் ஓடும், திசை மட்டும் மாறும். பாய் படத்தைப் பார்த்து மாட்டினார். இரண்டு பட்டன்களுக்கும் பக்கத்தில் சின்ன டேப் ஒட்டி ‘மூக்கு மேல’, ‘மூக்கு கீழ’ என்று தமிழில் எழுதினார். அழுத்திப் பார்த்தார், தாளில் கையெழுத்துப் போட்டார். விமானத் துறை அதிகாரி ஒருவர் வந்து அவரும் பார்த்துவிட்டுப் போனார். டிரிம் எந்த நிலையில் இருக்கிறது என்று ஓட்டுகிறவருக்குக் காட்டும் விளக்கு வரிசை மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. அது வரும்வரை வாலுக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று பார்த்துச் சொன்னால் போதும் என்று முடிவாயிற்று.

பறக்க இருந்த வாரத்தின் செவ்வாய்க்கிழமை காலை. பாய் இன்னும் வரவில்லை. நான் உட்காரும் இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பட்டன் அழகாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், அழுத்திப் பார்க்க ஆசை, அவ்வளவுதான். ‘மூக்கு மேல’ பட்டனை அழுத்தினேன். வாலைத் திரும்பிப் பார்த்தேன். சின்னப் பலகை கீழே போயிருந்தது.

எனக்குத் திக்கென்றது. பெரிய பலகை மேலே போனால் மூக்கு மேலே. அப்படியென்றால் சின்னப் பலகையும் மேலேதானே போக வேண்டும்? பாய் தப்பாக மாட்டிவிட்டார். அதிகாரியும் கவனிக்கவில்லை.

இந்த இடத்தில் எங்கள் மில் பழக்கத்தைச் சொல்ல வேண்டும். மில்லில் பெரிய மோட்டார் தலைகீழாகச் சுற்றினால், ஏதாவது இரண்டு வயரை இடம் மாற்றுவோம். சரியாகிவிடும். அதை அப்படி மாட்டியவர் வெளியூரிலிருந்து வந்த மூத்த எலக்ட்ரீசியன் என்றால் அவரிடம் சொல்லமாட்டோம். மனசு நோகும். அவர் டீ குடிக்கப் போகும் நேரம் பார்த்து மாற்றிவிட்டு, திரும்பி வந்ததும், “நல்லா ஓடுதுண்ணே” என்போம். அவரும் தலையை ஆட்டுவார். புதுவயலில் மரியாதை என்றால் அதுதான்.

அந்த மரியாதையை நான் பாய்க்குச் செய்தேன். வாலடியில் மூடித்தகட்டைக் கழற்றி, இரண்டு வெள்ளை வயர்களையும் இடம் மாற்றி, மூடி, கைரேகையைக்கூடத் துடைத்தேன். பட்டனை அழுத்தினேன். ‘மூக்கு மேல’ என்றால் சின்னப் பலகை மேலே போனது. பாயின் மானத்தைக் காப்பாற்றிய சந்தோஷத்தில் அன்றைக்கு இரண்டு வடை கூடுதலாகத் தின்றேன்.

வெள்ளிக்கிழமை வந்தது.

இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் போட்ட பழைய ஓடுதளத்தில் அனுமதி வாங்கியிருந்தார்கள். விமானத்தை வண்டியில் கொண்டுபோய் இறக்கி இறக்கைகளை மாட்டினோம். மில் ஆட்கள் இரண்டு லாரியில் வந்திருந்தார்கள். பாயின் வீட்டம்மா பிரியாணி அண்டாவோடு வந்திருந்தார்கள். ஓட்டுவதற்கு மதுரையிலிருந்து ஓர் அம்மா. பல வருடம் ஆட்களுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்தவர், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கேப்டன் அம்மா என்று கூப்பிட்டோம்.

அன்றைக்கு எங்களிடம் மூன்று கடிகாரங்கள் இருந்தன. பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும் என்று மில் ஆட்கள். ஜும்மா தொழுகைக்குப் போயாக வேண்டும் என்று பாய். கேப்டன் அம்மா இரண்டையும் கேட்டுக்கொண்டு, “எனக்குக் காத்துதாங்க ராகு காலம். ஒம்பதரைக்கு மேல குறுக்க வீச ஆரம்பிக்கும். அதுக்குள்ள ஏறி இறங்கிடணும்” என்றார்.

என் மனைவி நான்கு எலுமிச்சம்பழம் கொடுத்து அனுப்பியிருந்தாள். சக்கரம் மூன்றுதான். முன்னால் இரண்டு பெரிய சக்கரம், வாலடியில் ஒரு சின்னச் சக்கரம்.

“நாலாவது எதுக்கு?” என்று கேப்டன் அம்மா கேட்டார்.

லாரி டிரைவர் ஒருவர் முந்திக்கொண்டு, “நீங்க எறங்கி வந்ததும் ஜூஸ் போட்டுக் குடுக்கம்மா” என்றார். கேப்டன் அம்மா சிரித்தார். அவர் அப்படிச் சிரித்தது பின்னால் எனக்கு ரொம்ப நேரம் கண்ணுக்குள் நின்றது.

அவர் ஏறி உட்கார்ந்ததும் டிரிம்மைச் சோதித்தார். வாலுக்குப் பக்கத்தில் நின்று பார்க்க என்னைத்தான் நிறுத்தியிருந்தார்கள்.

“அண்ணே, மூக்கு மேல அழுத்துறேன். சரியாப் போகுதா?”

சின்னப் பலகை மேலே போனது. கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன்.

“மூக்கு கீழ?”

கீழே போனது. மறுபடியும் கட்டை விரல். தப்பைச் செய்தவனே அதற்குச் சாட்சியும் சொன்னான். இப்படி ஒரு கோர்ட்டை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள்.

அடுத்தது இன்ஜினை முழு வேகத்தில் ஓட்டிப் பார்ப்பது. அப்போது வால் தூக்கிக்கொள்ளாமல் இருக்க இரண்டு பேர் வாலில் சாய்ந்து அமுக்கிக்கொள்ள வேண்டும். இடது பக்கம் பாய், வலது பக்கம் நான். சின்னப் பலகை என் பக்கத்தில் இருந்தது. என் உள்ளங்கை எலிவேட்டரின் மேல் சும்மா கிடந்தது. இன்ஜின் உறுமியது. மூக்கில் சுழலும் காற்றாடியின் காற்று முகத்தில் அறைந்தது. ஆட்டம் இருக்கும்போதும் டிரிம் அசைகிறதா என்று பார்க்கக் கேப்டன் அம்மா கைப்பிடியைத் தளர விட்டுப் பட்டனை அழுத்தினார். சின்னப் பலகை மேலே எழுந்தது.

என் கைக்குக் கீழே இருந்த பெரிய பலகை கீழே இறங்கியது.

காற்றில் ஆடுகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் இன்னொரு பட்டனை அழுத்தினார். சின்னது கீழே போனது. பெரியது என் உள்ளங்கையை மேலே தள்ளியது. நாயின் தலையைத் தடவும்போது அது கையை முட்டுமே, அப்படி. மறுபடியும் மாற்றி அழுத்தினார். மறுபடியும் அப்படியே.

நின்ற விமானத்தில் சின்னப் பலகை வெறும் பலகை. காற்று வந்துவிட்டால் அது ஒரு கை. அது கீழே இறங்கி நின்றால் காற்று அதை மேலே தள்ளுகிறது, அது பெரிய பலகையையும் சேர்த்து மேலே கொண்டுபோகிறது, மூக்கு ஏறுகிறது. அது மேலே போனால் எல்லாம் எதிராக நடக்கும். பாய் மாட்டியதுதான் சரி. நான் மாற்றியதுதான் தப்பு. இந்த அம்மா மூக்கை ஏற்ற நினைத்து அழுத்தினால் மூக்கு இறங்கும். இறங்குகிறதே என்று இன்னும் அழுத்துவார். இன்னும் இறங்கும்.

கேப்டன் அம்மா கையை வெளியே நீட்டி, வாலை விடச் சொல்லிச் சைகை காட்டினார்.

பாய் விட்டுவிட்டு விலகினார். நான் விடவில்லை.

கத்தினால் கேட்காது. முன்னால் ஓடினால் காற்றாடி இருக்கிறது. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள், என்ன அவசரம் என்றாலும் முன்பக்கம் ஓடாதீர்கள். எனக்கு அப்போது தெரிந்தது ஒன்றுதான். வாலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அதன் மேல் குப்புறப் படுத்தேன்.

“விடுங்க செல்லையா!” பாய் என் காதருகே வந்து கத்தினார். “விடுங்கங்கிறேன்ல!”

தலையை ஆட்டினேன்.

“பயப்படாதீக, அது உங்களைத் தூக்கிட்டுப் போகாது!”

மறுபடியும் தலையை ஆட்டினேன். லாரிப் பக்கமிருந்து விசில் பறந்தது. “டிக்கெட் எடுக்காம ஏறிட்டாருப்பா!” என்று யாரோ கத்தியது அந்தச் சத்தத்திலும் கேட்டது. பாய் என் இடுப்பைப் பிடித்து இழுத்தார். நான் வாலைப் பிடித்து இழுத்தேன். என் வேட்டி யாருடைய கட்சியிலும் சேராமல் காற்றோடு போகப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். என் வாழ்க்கையில் அத்தனை பேர் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

கேப்டன் அம்மா திரும்பிப் பார்த்தார். இன்ஜினை அணைத்தார்.

இன்ஜின் நின்றதும் வந்த அமைதி பயங்கரமாக இருந்தது. மில்லில் கரண்ட் போனால்கூட அப்படி ஓர் அமைதி வராது.

“பாய்…” என்றேன். “வயரை மாத்திட்டேன்.”

“எந்த வயரை?”

“டிரிம் வயரை.”

“எப்ப?”

“செவ்வாக்கெழம காலைல.”

“ஏன்யா?”

“நீங்க தப்பா மாட்டியிருந்தீகன்னு…”

“நான் தப்பா மாட்டியிருந்தேனா?”

“இல்ல பாய். சரியாத்தான் மாட்டியிருந்தீக. இப்பத்தான் தெரிஞ்சுச்சு.”

கேப்டன் அம்மா இறங்கி வந்தார். என்னை உள்ளே ஏறச் சொல்லிப் பட்டனை அழுத்த வைத்தார். சின்னப் பலகை எங்கிட்டுப் போகிறது என்று இரண்டு முறை பார்த்தார். பிறகு விமானத்தின் நிழலில் தரையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். பாட்டிலை மூடிவிட்டுச் சொன்னார்.

“கிளம்பின உடனே மூக்கு கனமா இருந்தா நான் அந்தப் பட்டனைத்தான் அழுத்தியிருப்பேன். அழுத்த அழுத்தக் கனம் கூடியிருக்கும். அப்புறம் என்னை அந்தக் கருவக்காட்டுக்குள்ளதான் தேடியிருப்பீங்க.”

பாய் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது மணிகூட ஆகவில்லை.

“ரெண்டு வயருதானேம்மா. ரெண்டு நிமிச வேலை. மாத்திட்டுக் கெளம்பிரலாம்.” சொல்லிக்கொண்டே திருப்புளியை எடுத்தார்.

லாரிப் பக்கமிருந்தும், “அதான் கண்டுபிடிச்சாச்சுல்ல, கெளம்புங்கம்மா” என்று குரல் வந்தது. ஊரே வந்து நிற்கிறது, பிரியாணி வேறு ஆறுகிறது. எனக்கும் அந்த இரண்டு வயரை மாற்றிவிட்டு எங்காவது ஓடிப்போனால் போதும் என்றிருந்தது.

கேப்டன் அம்மா பாயைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

“அண்ணே, இது ஒண்ணுதானா? இதே மாதிரி வேற எதையெல்லாம் யாருக்கும் சொல்லாம சரி பண்ணியிருக்கீங்க?”

தம்பிகளே, தங்கச்சிகளே, இத்தனை வருட வேலையில் என்னிடம் யாரும் கேட்ட கேள்விகளில் இதுதான் பெரிய கேள்வி. ‘வேற ஒண்ணும் இல்லம்மா’ என்று சொல்லிவிட்டால் பத்து நிமிடத்தில் விமானம் மேலே. அந்த மூன்று சொல் என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவர் சொன்ன கருவக்காட்டைத் திரும்பிப் பார்த்தேன்.

“இறக்கைக் கீலுக்குக் கிரீஸ் வச்சேன்” என்றேன்.

“அதுக்குக் கிரீஸே வைக்கக்கூடாதேய்யா! மண்ணு ஒட்டுமே!” என்றார் பாய்.

“காஞ்சு கெடந்துச்சு பாய். நீங்க மறந்துட்டீகன்னு நெனச்சேன்.”

“அப்புறம்?” என்றார் கேப்டன் அம்மா.

“வலது பக்க சீட்டுக்கடியில ஒரு வாஷர் கூடுதலாப் போட்டேன். லொடலொடன்னு ஆடுச்சு.”

“அப்புறம்?”

“டிரிம்முக்குப் போற ராடு. அது தெனமும் ரெண்டு சுத்துக் கொறஞ்சிருந்துச்சு. நான் தெனமும் காலைல ரெண்டு சுத்து நீட்டி வச்சேன்.”

பாயின் கையிலிருந்து திருப்புளி கீழே விழுந்தது.

“அது நீங்களா?”

“எது பாய்?”

“நான் தெனமும் சாயங்காலம் அதை ரெண்டு சுத்துக் கொறச்சு வைப்பேன். காலைல பாத்தா நீண்டிருக்கும். வெயில்ல அலுமினியம் நீளுதுன்னு நெனச்சு ஒரு வாரமாத் தூக்கம் வரலைய்யா! வெளிநாட்டுக்கு எழுதிப் புது லாக் நட்டு வரவழைச்சிருக்கேன்!”

“எதுக்கு பாய் கொறச்சீக?”

“நீங்க மாட்டுனப்ப நீளமாப் போயிருச்சு. சொன்னா மனசு நோகுமேன்னு…” பாய் நிறுத்திவிட்டார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “இடது இறக்கை நுனியில நீங்க அடிச்ச ரிவெட்டு நாப்பதும் கோணல். நீங்க வீட்டுக்குப் போனதும் பிடுங்கிட்டு நான் அடிச்சேன்.”

“அதான் அவ்வளவு அழகா இருந்துச்சா?” என்று கேட்டுவிட்டேன். அந்த நாற்பது ரிவெட்டைத்தான் நான் என் மனைவியை அழைத்துவந்து பெருமையாகக் காட்டியிருந்தேன்.

பிரியாணி அண்டாவுக்குப் பக்கத்திலிருந்து பாயின் வீட்டம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள்.

“ஏங்க, ரெண்டு வருசமா ரெண்டு பேரும் சேந்து ஒரு ஏரோப்பிளேன் செஞ்சீகன்னு நெனச்சேன். ஆளுக்கு ஒண்ணு செஞ்சிருக்கீக. ரெண்டும் ஒரே எடத்துல நிக்குது. இதுல எதுல இந்தம்மாவை ஏத்தப் பாத்தீக?”

கேப்டன் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, தலையில் போட்டிருந்த காதடைப்பானைக் கழற்றிச் சீட்டில் வைத்தார். “இன்னைக்கு இல்ல” என்றார். அவ்வளவுதான். பிரியாணி சாப்பிட்டுவிட்டு மதுரைக்குப் போய்விட்டார். ஒன்பதரைக்கு அவர் சொன்ன மாதிரியே குறுக்கே காற்று அடித்தது. லாரிகள் திரும்பின. அந்த வாரம் முழுதும் புதுவயலில் நான் எந்தக் கடைக்குப் போனாலும், “டிக்கெட் எடுத்தாச்சா?” என்று கேட்டார்கள்.

பிறகு இரண்டு மாதம் விமானத்தை மறுபடி பிரித்தோம். ஒவ்வொரு மூடியையும் திறந்தோம். பாய் ஒரு சட்டம் போட்டார். சாயங்காலம் கிளம்பும் முன்பு, இன்றைக்கு எதைத் தொட்டேன் என்று மற்றவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். மற்றவர் தொட்டதில் தப்பு தெரிந்தால் அங்கேயே, அவரிடமே சொல்ல வேண்டும். நீங்கள் தினமும் சாயங்காலம் அலுத்துக்கொண்டே செய்கிறீர்களே, அந்தச் சட்டம் அப்படி வந்ததுதான்.

எனக்கு அது ரிவெட் அடிப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. முதல் நாள் சுவரைப் பார்த்துச் சொன்னேன். இரண்டாவது வாரம் காற்றாடியைப் பார்த்துச் சொன்னேன். “பாய், நீங்க வெட்டுன இந்தத் தகரம் ஒரு நூல் அளவு கம்மி” என்று அவர் கண்ணைப் பார்த்துச் சொல்ல எனக்கு முப்பத்து மூன்று நாள் ஆயிற்று. சொன்னதும் அவர் முகம் சுருங்கியது. எனக்கு உயிரே போய்விட்டது. அவர் அளந்து பார்த்தார். “ஆமா, கம்மிதான்” என்றார். புதிதாக ஒன்று வெட்டினார். வானம் இடிந்து விழவில்லை. அன்று சாயங்காலமும் தேநீர் வந்தது, இஞ்சி போட்டுத்தான்.

பாய்க்கும் அது சுலபமாக இல்லை. என் ரிவெட்டைக் கோணல் என்று சொல்வதற்கு முன்னால் மூன்று முறை என் பிள்ளைகளைப் பற்றி விசாரிப்பார். பிள்ளைகளை விசாரித்தாலே எனக்குத் தெரிந்துவிடும், ரிவெட் கோணல் என்று.

விளக்கு வரிசை வந்தது. மாட்டினோம். வயர்கள் பாய் முதலில் மாட்டிய இடத்துக்கே திரும்பின. இந்த முறை பெரிய மின்விசிறி ஒன்றை வாலுக்கு முன்னால் ஓடவிட்டு, உள்ளங்கையை எலிவேட்டர் மேல் வைத்துப் பார்த்தோம். புத்தகத்தில் இந்தச் சோதனை கிடையாது. இது நம் பட்டறைச் சோதனை. இதை விடாதீர்கள்.

கேப்டன் அம்மா மறுபடி வந்தார். இந்த முறை நாங்கள் யாரையும் கூப்பிடவில்லை. எங்கள் மூன்று பேரைத் தவிர ஓடுதளத்தில் ஆடுகள்தான், அவற்றையும் நான்தான் விரட்டினேன். இன்ஜினைச் சோதித்தார். கை காட்டினார். நான் வாலை விட்டேன். என் கையிலிருந்து ஒரு பொருள் அப்படி விலகிப் போனதை நான் அதற்கு முன் உணர்ந்ததில்லை. வால் தூக்கியது. சக்கரங்கள் தரையை விட்டன. நான் தலையைக் குனிந்துகொண்டு ஜல்லிக்கல்லைப் பார்த்தேன். எண்ணிக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன், எதை என்று தெரியாது.

பாயின் கையில் வாக்கி டாக்கி இருந்தது. அது கரகரத்தது. கேப்டன் அம்மாவின் குரல்.

“டிரிம் பண்ணிட்டேன்.”

பாய் என் தோளைப் பிடித்தார். கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல்.

“இப்ப என் ரெண்டு கையும் மடியில இருக்கு” என்றது குரல். “வண்டி தானாப் போகுது.”

அப்போதுதான் நான் நிமிர்ந்து பார்த்தேன். அமராவதிபுதூர்ப் பக்கம், ஒரு தும்பி அளவுக்கு, ஏறாமல் இறங்காமல் நேராகப் போய்க்கொண்டிருந்தது. பாய் அழுதாரா என்று கேட்காதீர்கள். நான் அவரைப் பார்க்கவில்லை, அவரும் என்னைப் பார்க்கவில்லை.

பன்னிரண்டு நிமிடம் கழித்து இறங்கினார். தலைக்கு மேலிருந்த கண்ணாடி மூடியைத் திறந்து, கீழே இறங்காமல் அப்படியே உட்கார்ந்துகொண்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“மூக்கெல்லாம் நல்லாத்தான் நிக்குது. ஆனா லேசா இடது பக்கம் சாயுது. அது யாரு வேலை?”

“என் வேலை” என்றோம் இரண்டு பேரும், ஒரே நேரத்தில்.

“இல்லம்மா, இடது இறக்கை நான் மாட்டுனது” என்றேன்.

“மாட்டுனது அவரு, அளவு குடுத்தது நானு!” என்றார் பாய். “இவருக்கென்ன தெரியும், சும்மா இருங்க செல்லையா!”

“நீங்க சும்மா இருங்க பாய்! ஒங்க அளவுல ஒரு நூல் தப்பு இருந்தா நான் சொல்லியிருக்கமாட்டேனா?”

நான் ஒருவரிடம் குரலை உயர்த்திப் பேசியது அதுதான் முதல் தடவை. கேப்டன் அம்மா இடுப்பு வாரைக் கழற்றிக்கொண்டு, “சண்டையை முடிச்சிட்டுச் சொல்லுங்க, மறுபடி ஏறுறேன்” என்றார்.

எழுதி முடித்தது வைகாசி பத்தொன்பது, செவ்வாய்க்கிழமை.